நனைந்த துண்டுக்கு யார் பொறுப்பு? எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., எக்ஸ் ஒர்க்ஸ் பற்றி

கேள்வி இதுதான். கரூரில் கிச்சன் டவல், மேசை விரிப்பு தைத்து இதுவரை மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் (வாங்கித் தன் பெயரில் ஏற்றுமதி செய்யும் வியாபாரி) மூலமாகவே அனுப்பிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஹாம்பர்க்கிலிருந்து முதல்முறையாக நேரடி ஆர்டர் வந்திருக்கிறது, இருபதடி கன்டெய்னர் ஒன்று. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி (தூத்துக்குடியில் கப்பலில் ஏறும் வரை விற்பவர் பாடு), சி.ஐ.எஃப். ஹாம்பர்க் (ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் விற்பவர் கட்டுவது) இரண்டுக்கும் விலை கொடுங்கள் என்று பையர் கேட்கிறார். தெரிந்தவர் ஒருவரோ "எக்ஸ் ஒர்க்ஸ் போட்டுடுங்க, கேட்டோட நம்ம தலைவலி முடிஞ்சுது" என்கிறார், அதாவது ஃபேக்டரியிலேயே பையர் எடுத்துக்கொள்வது. எதைப் போடுவது?

முதலில் பதில், அப்புறம் காரணம். எக்ஸ் ஒர்க்ஸ் வேண்டவே வேண்டாம். எஃப்.சி.ஏ. (பையர் நியமித்தவரிடம் குறிப்பிட்ட இடத்தில் ஒப்படைப்பதோடு உங்கள் பொறுப்பு முடிவது) ஒத்துக்கொள்வீர்களா என்று பையரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் எஃப்.ஓ.பி.யிலேயே நின்றால் கொடுங்கள், ஆனால் உங்கள் குடோனிலிருந்து கப்பலில் ஏறும் வரைக்கும் உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டுக் கொடுங்கள். சி.ஐ.எஃப். கொடுப்பதிலும் தப்பில்லை, அதில் என்ன இன்சூரன்ஸ் என்பதைப் பேசி முடித்துவிட்டால்.

இந்த மூன்றெழுத்துகளை நம் ஊரில் பெரும்பாலானோர் "ஃப்ரைட் (கப்பல் கூலி) யார் கட்டுவது" என்கிற ஒரே கேள்விக்கான பதிலாகத்தான் படிக்கிறார்கள். உண்மையில் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செலவு எந்த இடம்வரை உங்களுடையது என்பது ஒன்று. சரக்கு நனைந்தாலோ எரிந்தாலோ கடலில் விழுந்தாலோ அந்த நஷ்டம் எந்த இடத்திலிருந்து பையருடையது ஆகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைக் கப்பல் போகிற வரைக்கும் யாரும் யோசிப்பதில்லை, ஏதாவது நடந்த பிறகுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறோம்.

இந்தச் சொற்களை வகுத்தது பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகக் கழகம். 1936இல் முதல் பதிப்பு வந்தது, பிறகு பலமுறை திருத்தி, இப்போது நடப்பில் இருப்பது 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இன்கோடெர்ம்ஸ் 2020. மொத்தம் பதினொன்று. அதில் எஃப்.ஏ.எஸ்., எஃப்.ஓ.பி., சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். என்ற நான்கும் கடல் வழி, உள்நாட்டு நீர்வழிக்கு மட்டும். மீதி ஏழு, லாரியோ ரயிலோ விமானமோ கப்பலோ எதற்கும் பொருந்தும். இது சட்டமல்ல, ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதினால்தான் செல்லும். பழைய பதிப்பை எழுதினாலும் செல்லும், அதனால் ஆண்டையும் சேர்த்து எழுதுவது அவசியம். அமெரிக்கப் பையர்களிடம் இன்னும் கவனம் வேண்டும், அவர்களுடைய வணிகச் சட்டத்தில் எஃப்.ஓ.பி. என்பதற்குத் தனி அர்த்தம் உண்டு, லாரியில் போய் இறங்கும் உள்ளூர்ச் சரக்குக்குக்கூட "எஃப்.ஓ.பி. சிகாகோ" என்று எழுதுவார்கள்.

சரி, எஃப்.ஓ.பி.க்கு வருவோம். 2000ஆம் ஆண்டுப் பதிப்பு வரைக்கும் சரக்கு கப்பலின் பக்கவாட்டுக் கைப்பிடிக் கம்பியைத் தாண்டும் நொடியில் பொறுப்பு மாறும் என்று இருந்தது. இது எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு, அதில் நம் நாடும் வருகிறது. இந்திய அரசு இங்கிலாந்தின் பைரீன் கம்பெனியிடம் தீயணைப்பு வண்டிகள் வாங்கியது, எஃப்.ஓ.பி. லண்டன். சுமந்து வரவேண்டியது சிந்தியா கம்பெனிக் கப்பல், அதுவும் இந்தியக் கம்பெனிதான். ஒரு வண்டியைக் கப்பலின் கிரேன் தூக்கும்போது, கம்பியைத் தாண்டுவதற்கு முன்பே, அது கீழே விழுந்து நொறுங்கியது. ரிப்பேர் செலவு 966 பவுண்டு. கம்பியைத் தாண்டாததால் நஷ்டம் விற்றவனுடையது. அவன் கப்பல் கம்பெனி மீது வழக்குப் போட, நாங்கள் ஒரு சிப்பத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் பொறுப்பில்லை என்று அது நின்றது, 1954இல் நீதிபதி டெவ்லின் கப்பல் கம்பெனி பக்கமே தீர்ப்பளித்தார். கிரேனில் சரக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு ஏற்ப, கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பொறுப்பு ஊசலாடுவதை வக்கீல்களிலேயே ரொம்ப ஆர்வமுள்ளவர்தான் ரசிக்க முடியும் என்கிற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு வரி எழுதினார். அந்தக் கோட்டைத் தூக்கிப்போட 2010 வரைக்கும் ஆயிற்று. இப்போது சரக்கு கப்பலின் மேல் வைக்கப்பட்டால்தான் டெலிவரி.

தீயணைப்பு வண்டிக்கு இது சரி. உங்கள் கன்டெய்னருக்கு?

உங்கள் சரக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். கரூரில் ஸ்டஃபிங் (கன்டெய்னருக்குள் சரக்கு அடுக்குவது) முடிந்து சீல் வைத்து ராத்திரி கிளம்பும் டிரெய்லர் விடிவதற்குள் தூத்துக்குடி போய்விடும். அங்கே சி.எஃப்.எஸ்.ஸிலோ (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) டெர்மினல் யார்டிலோ கன்டெய்னரை இறக்கிவிட்டு டிரைவர் திரும்பிவிடுவார். அந்த நொடி முதல் அதன்மேல் உங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கப்பல் இரண்டு நாள் தாமதம், அப்புறம் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள், இப்படி ஒரு வாரம் அங்கேயே கிடக்கலாம். கப்பலையும் ஃபார்வர்டரையும் (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித்தரும் ஏஜென்ட்) தேர்ந்தெடுத்தது பையர், எஃப்.ஓ.பி. என்பதால். ஆனால் அந்த ஒரு வாரமும் சரக்குக்குப் பொறுப்பு நீங்கள், அதுவும் எஃப்.ஓ.பி. என்பதால்தான்.

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ., தூத்துக்குடியில் தெருவெல்லாம் வெள்ளம். அந்த மாதிரி ஒரு நாளில் உங்கள் பெட்டி யார்டில் நின்றால், எஃப்.ஓ.பி. போட்டவருக்கு நனைந்தது அவருடைய துண்டு. எஃப்.சி.ஏ. போட்டு முறைப்படி ஒப்படைத்தவருக்கு அது பையருடைய துண்டு. இரண்டு ஒப்பந்தத்திலும் விலை ஒன்றேயாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

நான் டாகுமென்ட் பார்த்த ஒரு பழைய ஷிப்மென்ட்டைச் சொல்கிறேன். இதே மாதிரி துண்டுதான், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. வெளிநாட்டில் போய்த் திறந்தால் மேல் வரிசை அட்டைப்பெட்டிகள் ஊறிப்போய், உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. கப்பலில் ஏறும்போது நன்றாக இருந்தது, கடலில்தான் நனைந்தது, எனவே நஷ்டம் உங்களுடையது என்று நம்மவர் எழுதினார். சர்வேயர் வந்தார். அவர் பையில் ஒரு சின்ன பாட்டில், சில்வர் நைட்ரேட் கரைசல். ஈரத்தின்மேல் இரண்டு சொட்டு விட்டால் கடல் நீராக இருந்தால் பால் மாதிரி வெள்ளையாகத் திரியும், நல்ல தண்ணீர் என்றால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகவில்லை. கன்டெய்னர் கூரையில் துருப்பிடித்து விழுந்த ஓட்டைகள் இருந்தன, யார்டில் கிடந்த நாட்களில் மழை பெய்ததற்குப் பதிவு இருந்தது. கப்பலில் ஏறும் முன்பே நனைந்திருக்கிறது என்று முடிவாயிற்று. பையருடைய பாலிசி கப்பலில் ஏறிய பிறகுதான் ஆரம்பம். நம்மவர் பாலிசியே எடுக்கவில்லை, "எஃப்.ஓ.பி.தானே, இன்சூரன்ஸ் அவங்க பாடு" என்று நினைத்திருந்தார். எஃப்.ஓ.பி.யில் இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை, அவ்வளவுதான், அதற்காகப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது.

(அதனால் ஸ்டஃபிங்குக்கு முன்னால் ஒரு ஆளைக் காலி கன்டெய்னருக்குள் அனுப்பி இரண்டு கதவையும் சாத்துங்கள். உள்ளே கும்மிருட்டாக இருக்கவேண்டும். எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தக் கன்டெய்னரை எடுக்காதீர்கள். ஐந்து நிமிட வேலை.)

எஃப்.சி.ஏ. இந்தச் சிக்கலுக்காகவே இருப்பது. பையர் நியமித்த ஃபார்வர்டரிடமோ ஷிப்பிங் லைனிடமோ குறிப்பிட்ட இடத்தில் சரக்கை ஒப்படைத்தவுடன் செலவும் பொறுப்பும் இரண்டுமே அவர் பக்கம் போய்விடும். இடம் உங்கள் ஃபேக்டரி என்றால் அவர் அனுப்பும் வண்டியில் நீங்கள் ஏற்றிக் கொடுக்கவேண்டும். இடம் தூத்துக்குடி சி.எஃப்.எஸ். என்றால் உங்கள் வண்டி அங்கே போய் இறக்குவதற்குத் தயாராக நின்றால் போதும், இறக்குவது அவர்கள் வேலை. ஏற்றுமதி கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் மட்டும் எப்படியும் உங்களுடையது. கன்டெய்னரில் போகும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. போடுங்கள் என்றுதான் அந்த விதிகளை எழுதியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் திருப்பூர், கரூர், சென்னை எங்கே போனாலும் எஃப்.ஓ.பி.தான், தாத்தா காலத்து வார்த்தை, பேங்க்காரருக்கும் அதுதான் தெரியும்.

பேங்க் என்றதும் ஒரு விஷயம். எல்.சி.யில் (பையரின் பேங்க் தரும் பண உத்தரவாதம்) பணம் வருகிறது என்றால் "ஆன் போர்டு" என்று குறித்த பில் ஆஃப் லேடிங் (பி.எல்., சரக்கை ஏற்றதற்குக் கேரியர் தரும் ரசீது, உரிமைப் பத்திரமும் அதுவே) கேட்பார்கள். எஃப்.சி.ஏ.யில் நீங்கள் கப்பலில் ஏறும் முன்பே ஒப்படைத்துவிடுவதால் அந்த பி.எல். உங்கள் கைக்கு எப்படி வரும் என்பது நெடுநாள் தகராறாக இருந்தது, எஃப்.ஓ.பி.யை விடமுடியாததற்கு நியாயமான காரணமும் இதுதான். 2020 பதிப்பில் ஒரு வழி வைத்தார்கள்: சரக்கு ஏறியபின் ஆன் போர்டு பி.எல். ஒன்றை விற்பவருக்குக் கொடுக்கச் சொல்லி, பையர் தன் கேரியருக்கு அறிவுறுத்தவேண்டும் என்று இருவரும் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளலாம் என்பதுதான் வார்த்தை, தானாக வராது, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதவேண்டும்.

பையர் நியமித்த ஃபார்வர்டர் விஷயத்தில் இன்னொன்று. ஃப்ரைட் காசு அவருக்குப் பையரிடமிருந்து வருகிறது, உங்களிடமிருந்து உள்ளூர் சார்ஜ் மட்டும்தான். டெர்மினல் ஹேண்ட்லிங், பி.எல். ஃபீஸ், அது இது என்று பில் வந்தபிறகு நீங்கள் பேரம் பேச முடியாது, கட்டினால்தான் பி.எல். அதனால் விலை கொடுப்பதற்கு முன்பே அந்த ஃபார்வர்டரிடம் உள்ளூர் சார்ஜ் பட்டியலை மெயிலில் வாங்கிவிடுங்கள். அவர் கொடுப்பது அவருடைய ஹவுஸ் பி.எல்.லா, வெறும் கார்கோ ரசீதா என்றும் கேளுங்கள். வெறும் ரசீது உரிமைப் பத்திரம் அல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே டெலிவரியை நிறுத்த முடியாது.

இப்போது சி.ஐ.எஃப். ஹாம்பர்க். பெரிய குழப்பம் இங்கேதான். ஹாம்பர்க் வரை ஃப்ரைட்டும் இன்சூரன்ஸும் நீங்கள் கட்டுகிறீர்கள், அதனால் ஹாம்பர்க் வரை பொறுப்பும் உங்களுடையது என்று இரண்டு பக்கமுமே நினைப்பார்கள். இல்லை. பொறுப்பு எஃப்.ஓ.பி. மாதிரியேதான், தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதும் பையருக்குப் போய்விடும். நம் ஊரிலிருந்து பெரும்பாலும் சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும், அந்த முதல் கப்பலில் ஏறியதே கணக்கு என்று எழுதிக்கொள்வது நல்லது. செலவு ஓர் இடத்திலும் பொறுப்பு வேறோர் இடத்திலும் முடிவது சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப்., சி.பி.டி., சி.ஐ.பி. என்று சி-யில் ஆரம்பிக்கும் நான்கிலும் மட்டும்தான், மற்ற ஏழிலும் இரண்டும் ஒரே இடத்தில் மாறும்.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் குறுக்கே நின்றதே, அதன் உரிமையாளர்கள் பிறகு ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். அதாவது கப்பலை மீட்ட செலவில் கப்பலில் இருந்த ஒவ்வொரு சரக்குக்காரருக்கும் பங்கு உண்டு. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கேரன்டி கொடுக்கும், இல்லாதவர் ரொக்கம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது. சி.ஐ.எஃப். சரக்கு என்றால் இந்தப் பங்கு பையர் தலையில்தான், ஃப்ரைட் நீங்கள் கட்டியிருந்தாலும்.

சி.ஐ.எஃப்.பில் உங்களுக்கு இருக்கும் ஆபத்து வேறு, ஃப்ரைட் ஏற்றம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமனின் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, சர்சார்ஜுக்கு மேல் சர்சார்ஜ். மூன்று மாதம் முன்னால் சி.ஐ.எஃப். விலை கொடுத்தவர்கள் அந்த வித்தியாசத்தைக் கைக்காசிலிருந்து கட்டினார்கள். ஆகவே சி.ஐ.எஃப். விலைக்கு நாள் கெடு வையுங்கள், புதிய சர்சார்ஜ் வந்தால் பையர் கணக்கு என்று ஒரு வரி போடுங்கள்.

அப்புறம் அந்த இன்சூரன்ஸ். சி.ஐ.எஃப்.பில் நீங்கள் எடுக்கவேண்டிய குறைந்தபட்சம் "சி" கிளாஸ் (சரக்கு இன்சூரன்ஸில் ஏ, பி, சி என்று மூன்று வகை, இதில் கவர் மிகக் குறைவு), ஒப்பந்த மதிப்பில் 110 சதவீதத்துக்கு. சரக்கு 20,000 டாலர் என்றால் பாலிசி 22,000க்கு. "சி" என்பதில் தீ, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, மோதுவது, ஜெனரல் ஆவரேஜ் எல்லாம் வரும். கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தது வராது. திருட்டும் வராது. துண்டு விற்பவருக்கு முதல் எதிரி தண்ணீர், அதற்கே கவர் இல்லாத பாலிசி. "பி" எடுத்தால் கடல் நீர் புகுந்தது வரும், மழைத் தண்ணீர் வராது. "ஏ" எடுத்தால்தான், விலக்கு என்று எழுதியவை போக மற்ற எல்லாம். போர், வேலைநிறுத்தம் இரண்டும் அதிலும் விலக்கு, தனியாகச் சேர்க்கவேண்டும். நிலக்கரி, தானியம் விற்பவர்களுக்கு "சி" போதும் என்று விட்டுவைத்தார்கள், கன்டெய்னர் சரக்குக்கு ஏற்ற சி.ஐ.பி.யில் 2020 முதல் "ஏ" கட்டாயம் ஆக்கினார்கள். நீங்கள் சி.ஐ.எஃப். என்றே போட்டாலும் "ஏ" எடுத்துவிட்டு அதைச் சொல்லி விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பு பையருடையதுதானே, எனக்கென்ன என்று கேட்கலாம். சட்டப்படி சரி, ஆனால் நனைந்த சரக்கைப் பார்த்த பையர் பாக்கிப் பணத்தை அனுப்புவாரா என்று யோசியுங்கள்.

எக்ஸ் ஒர்க்ஸ் ஏன் வேண்டாம் என்றேன்? அதில் ஏற்றுமதி கிளியரன்ஸ் பையர் வேலை. ஹாம்பர்க்காரரிடம் இந்திய ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு) எண் இல்லை, அவர் எப்படி ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) போடுவார்? கடைசியில் உங்கள் பெயரில்தான் போடுவார்கள், ஆக கஸ்டம்ஸிடம் பதில் சொல்லவேண்டியவர் நீங்களே. டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரி) வாங்கவும், ஜி.எஸ்.டி.யில் ஏற்றுமதி என்று காட்டவும் உங்களுக்கும் அந்த ஷிப்பிங் பில் வேண்டும். விதிப்படி வண்டியில் ஏற்றுவதுகூட உங்கள் வேலையல்ல, நடைமுறையில் உங்கள் ஆட்கள்தான் ஏற்றுவார்கள், ஏற்றும்போது பேல் கிழிந்தால் யார் பொறுப்பு என்று சண்டை வரும். "கேட்டோட முடிஞ்சுது" என்று நினைத்தது எதுவும் கேட்டோடு முடியாது. கேட்டோடு முடிக்க ஆசை என்றால் எஃப்.சி.ஏ. கரூர் ஃபேக்டரி என்று போடுங்கள், அதே நிம்மதி, பேப்பரும் ஒழுங்காக இருக்கும்.

மற்றொரு கோடியில் டி.டி.பி. இப்போது கேட்க மாட்டார், இரண்டாவது மூன்றாவது ஆர்டரில் "வீட்டு வாசலில் டெலிவரி" என்று கேட்பார். அதில் ஜெர்மனியின் சுங்க வரியும் 19 சதவீத இறக்குமதி வாட்டும் உங்கள் தலையில். அந்த வாட்டைப் பையர் கட்டினால் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்வார், அங்கே பதிவில்லாத உங்களால் எடுக்க முடியாது. அமெரிக்காவுக்கு டி.டி.பி. ஒத்துக்கொண்டவர்கள் 2025 ஆகஸ்டில் வரி 50 சதவீதம் ஆனபோது என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ரொம்ப வற்புறுத்தினால் டி.ஏ.பி. கொடுங்கள், போய்ச் சேரும் வரை நீங்கள், வரியும் இறக்குவதும் அவர். டி.பி.யு. என்பது அதோடு இறக்கியும் கொடுப்பது, உங்களுக்குத் தேவைப்படாது.

இந்தப் பதினொன்றும் பேசாத விஷயங்கள் நிறைய. பணம் எப்போது வரும், சரக்கின் உரிமை எப்போது மாறும், தரத்தில் தகராறு வந்தால் எந்த ஊர் கோர்ட், எதுவும் இதில் கிடையாது. எஃப்.ஓ.பி. என்று எழுதியதால் கப்பலில் ஏறியதும் சொத்துரிமை மாறிவிட்டது என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதையெல்லாம் தனியாக எழுதவேண்டும்.

ப்ரோஃபார்மாவில் (விலையும் நிபந்தனையும் எழுதி முன்கூட்டியே அனுப்பும் இன்வாய்ஸ்) இப்படிப் போடுங்கள்: "எஃப்.சி.ஏ., இன்ன சி.எஃப்.எஸ்., தூத்துக்குடி, இந்தியா, இன்கோடெர்ம்ஸ் 2020. சரக்கு ஏறியபின் ஆன் போர்டு பில் ஆஃப் லேடிங்கை விற்பவரிடம் கொடுக்கப் பையர் தன் கேரியருக்கு அறிவுறுத்துவார்." அந்த "இன்ன" இடத்தில் சி.எஃப்.எஸ். பெயரை முழுசாக எழுதுங்கள், வெறுமனே தூத்துக்குடி என்று விட்டால் கேட்டா, யார்டா, பெர்த்தா என்று பிறகு தேடவேண்டிவரும். அவர் எஃப்.ஓ.பி.தான் என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி துறைமுகம் என்று மாற்றிவிட்டு, உங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்கு போன் போட்டு "கரூர் குடோனிலிருந்து கப்பலில் ஏறும் வரை, யார்டில் காத்திருக்கும் நாட்களும் சேர்த்து, ஏ கிளாஸ்" என்று கேளுங்கள். யார்டில் எத்தனை நாள் வரை கவர் என்பதை அவர் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் பாலிசியில் காட்டச் சொல்லுங்கள்.